லில்லி ‘ஷுகர் அண்ட் கிரீம்’ நூல்: சட்டி பிடிக்கும் துணி பின்ன இதை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். சமையலறைக்குப் பிடிதுணி பின்னுகிறவர்கள் நூலில் பார்க்க வேண்டியவை மூன்று. நூறு விழுக்காடு பருத்தியாக இருக்க வேண்டும், ஓரளவு தடிப்பாக இருக்க வேண்டும், பளபளவென்று வழுக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே உருண்டையில் எனக்கு ஒவ்வொரு முறையும் ஏமாற்றமில்லாமல் கிடைப்பது இந்த நூலில்தான். விலைதான் கொஞ்சம் கூடுதல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். வீட்டிலேயே சமைத்துப் பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என் தொழில். காலை பத்து மணிக்கு என் அடுப்பங்கரைக்கு வந்து பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் மண்சட்டியில் மீன் குழம்பு கொதிக்கும், இன்னொரு பக்கம் குவாலி என்கிற வாணலியில் கோழிப் பிரட்டல், நடுவில் சோற்றுப் பானை, சில நாள் ‘அவன்’ (oven) அடுப்பில் ஒரு தட்டு. அந்த இரண்டு மணி நேரமும் பிடிதுணி என் கையைவிட்டு இறங்காது. சுவரில் அழகுக்கு மாட்டும் துணியைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. சூட்டைத் தாங்குமா, கையில் வழுக்காமல் நிற்குமா, மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடுமா, இவைதான் எனக்கு முக்கியம்.

கடையில் விற்கும் தடித்த கையுறையை ஏன் வாங்கக் கூடாது என்று கேட்கலாம். ‘அவன்’ அடுப்பிலிருந்து தட்டை இழுக்க அது நல்லதுதான். ஆனால் குவாலிக்கு இரண்டு பக்கமும் சின்னக் காதுதான் இருக்கிறது. பஞ்சடைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு அந்தக் காதுக்குள் விரலை நுழைத்துப் பாருங்கள், நுழையவே நுழையாது. மண்சட்டியின் விளிம்பும் அப்படித்தான். சதுரத் துணியாக இருந்தால் மடித்து, வளைத்து, காதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம். மேலும், மலிவான கையுறைகள் பலவற்றில் வெளித்துணி மட்டும்தான் பருத்தி, உள்ளே இருப்பது பாலியெஸ்டர் பஞ்சு. நாலைந்து தடவை துவைத்தால் அது ஒரு மூலையில் திரண்டுவிடுகிறது, மற்ற இடமெல்லாம் வெறும் துணிதான் மிஞ்சுகிறது. சூடு எந்த இடத்தில் உறைக்கும் என்று தெரியாமல் ஒரு பொருளை நம்பிக் கொதிக்கும் குழம்பைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நூலுக்கு வருவோம். ‘ஷுகர் அண்ட் கிரீம்’ லில்லி என்ற பெயரில் வருகிறது, கனடாவின் ஸ்பின்ரைட் நிறுவனத்துடையது. ஒற்றை நிற உருண்டை 70.9 கிராம், 109 மீட்டர். லேபிளில் தடிப்பு எண் 4 என்று போட்டிருக்கும், அதாவது நடுத்தரத் தடிப்பு. 5 மில்லிமீட்டர் குரோஷே ஊசி, அதாவது நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி, பயன்படுத்தச் சொல்வார்கள். பாத்திரம் துடைக்கும் துணிக்கு அது பொருந்தும். பிடிதுணிக்கு நான் 4.5-ஐத்தான் எடுப்பேன், சில நேரம் 4. பின்னல் நெருக்கமாக விழ வேண்டும். தூக்கிப் பிடித்து ஜன்னல் பக்கம் பார்த்தால் ஓட்டை வழியாக வெளிச்சம் தெரியக் கூடாது. வெளிச்சம் நுழைகிற ஓட்டையில் ஆவியும் நுழையும்.

கையில் எடுத்ததும் கொஞ்சம் முரடாக இருக்கிறதே என்று தோன்றும். புதிதாகப் பின்னுகிறவர்கள் இதைப் பார்த்தே வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். குழந்தைச் சட்டை பின்னுவதாக இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த வேலைக்கு அந்த முரட்டுத்தன்மை தேவை. எவர்சில்வர் மூடியைப் பிடிக்கும்போது துணி நழுவாமல் நிற்பது அதனால்தான். இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகு நூல் இளகி, கண்ணிகள் கொஞ்சம் சுருங்கி ஒன்றோடொன்று நெருங்கிக்கொள்ளும். துணி முன்பைவிடக் கெட்டியாகும். பருத்தி சுருங்குவதைக் குறையாகச் சொல்வார்கள். பிடிதுணியில் அது வரவேற்க வேண்டிய விஷயம்.

இந்த நூலை ‘மில்க் காட்டன்’ நூலோடு ஒப்பிட்டுச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் பாதிதான். நம் ஊரில் பின்னல் பழகும் எல்லோர் வீட்டிலும் மில்க் காட்டன் இருக்கிறது. 50 கிராம் உருண்டை, நூறு விதமான நிறம், பட்டுப்போல் மிருது, விலையும் மலிவு. பொம்மை பின்ன, பை பின்ன அருமையான நூல். ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுவது எல்லாம் ஒரே சரக்கு இல்லை. பலவற்றில் பருத்தியோடு அக்ரிலிக் கலந்திருக்கிறது. விற்பவர் ‘காட்டன்’ என்று மட்டும் எழுதிவிட்டு விழுக்காட்டைப் போடாமல் விட்டுவிடுவார். பொம்மைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அடுப்புக்குப் பக்கத்தில் வரும்போதுதான் ஆபத்து. பருத்தி உருகுவதில்லை, சூடு அதிகமானால் பழுப்பேறும், அப்புறம் கருகும். கருகல் வாடை வந்ததும் நாம் கையை எடுத்துவிடலாம். அக்ரிலிக், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் சூட்டில் இளகி உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொண்டால் உதற முடியாது. சூடேறிய இரும்புத் தோசைக்கல்லைப் பிடிக்கும் கையில் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லி யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லேபிளை நம்புவதா வேண்டாமா என்று குழம்ப வேண்டியதில்லை. நெருப்பே சொல்லிவிடும். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நூலை வெட்டி, இடுக்கியால் பிடித்து, கழுவு தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்த வேண்டும். கையால் பிடிக்காதீர்கள், செயற்கை இழையாக இருந்தால் சொட்டும். சுத்தப் பருத்தி சட்டென்று பற்றி மஞ்சள் சுடராக எரியும், காகிதம் எரியும் வாசனை வரும். சுடர் அணைந்த பிறகும் நுனியில் சிவப்பாகக் கனல் ஓடும். மிச்சம் இருப்பது சாம்பல் நிறத்தில் மெத்தென்ற தூள். விரலால் தொட்டால் ஒன்றுமில்லாமல் உதிர்ந்துவிடும். அக்ரிலிக் அப்படி இல்லை. சுடர் நெருங்கும்போதே சுருண்டு பின்வாங்கும், கறுப்புப் புகையோடு படபடவென்று எரியும், மூக்கை அறுக்கும் நெடி வரும். ஆறிய பிறகு நுனியில் கறுப்பாக, கோணல்மாணலாக ஒரு குண்டுமணி நிற்கும். நகத்தால் அழுத்தினாலும் உடையாது. கலப்பு நூலில் இரண்டும் தெரியும்: கொஞ்சம் சாம்பல் உதிரும், உள்ளே நெறுநெறுவென்று கட்டி தட்டுப்படும்.

‘100% காட்டன்’ என்று படத்தில் பெரிதாகப் போட்டிருந்த ஒரு மலிவு நூலை ஆன்லைனில் வாங்கி இப்படிக் கொளுத்திப் பார்த்தேன். கறுப்புக் கட்டிதான் மிஞ்சியது. அந்த நூல் இப்போது சாவிக்கொத்துப் பொம்மைகளாக மாறி என் அக்கா பேரப்பிள்ளைகளின் பள்ளிப் பையில் தொங்குகிறது. ‘ஷுகர் அண்ட் கிரீம்’ சாம்பல், எப்போது சோதித்தாலும், ஊதினால் பறக்கிற சாம்பல்தான்.

ஜார்ஜ் டவுனில் எனக்குப் பழக்கமான சின்ன நூல் கடை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் வயதான சீன ஆண்ட்டி. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். பிடிதுணிக்கு என்று சொன்னதுமே நிறத்தைக் காட்ட மாட்டார். முதலில் உருண்டையிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து, கடை முன்னால் உள்ள நடைபாதையான ஐந்தடியில் நின்று, சாமிக்கு ஊதுபத்தி ஏற்ற வைத்திருக்கும் லைட்டராலேயே கொளுத்திக் காட்டுவார். “அடுப்புக்குப் போகிற நூலை நெருப்பிடம்தான் கேட்க வேண்டும்” என்பது அவர் கட்சி. இந்த மாதிரி ஒரு கடை பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஆள் ஆன்லைனில் கிடைப்பது அரிது.

பளபளப்பான பருத்தி நூலைப் பற்றியும் கேட்பீர்கள். நம் அம்மாமார் டிவி மேல், ரேடியோ மேல் விரிக்கப் பூப்பூவாகப் பின்னினார்களே, அந்த மெல்லிய நூல். அதுவும் பருத்திதான், உருகாது. காரச்சோடாவில் நனைத்து, இழுத்துப் பிடித்துப் பதப்படுத்துவதால் வரும் மினுமினுப்பு அது. காரச்சோடாவில் நனைக்கும் முறையை 1844-இல் கண்டுபிடித்தவர் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர். உறுதியான நூல்தான், ஆனால் பிடிதுணிக்கு ஏற்ற தடிப்பு வர வேண்டுமானால் பல இழைகளைச் சேர்த்துப் பின்ன வேண்டும். வழுக்கவும் செய்யும். மேசைக்கே இருக்கட்டும்.

இனி, பின்னல். நல்ல நூலை வாங்கிவிட்டு இடைவெளி விட்ட பின்னலில் வீணாக்கிவிடக் கூடாது. நான் இரண்டே முறைகளைத்தான் பயன்படுத்துகிறேன்.

அதிகம் பின்னுவது மூலைவாட்டில் மடிக்கும் முறை. 25 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள். என் கைக்கு அது 35 கண்ணிக்கு முன்னே பின்னே வரும். கை இறுக்கத்தைப் பொறுத்து உங்களுக்கு மாறும், அதனால் கண்ணியை எண்ணாமல் அளவை வைத்துப் பாருங்கள். சங்கிலியின் ஒரு பக்கம் முழுக்க சிங்கிள் குரோஷே (குரோஷேயின் அடிப்படையான குட்டைப் பின்னல்) போட்டுக்கொண்டு போய், முனையில் துணியைத் திருப்பாமல் அப்படியே அடுத்த பக்கத்துக்கு இறங்கிச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். முனைகளில் கண்ணி கூட்ட வேண்டாம். சில சுற்றுக்குப் பிறகு ஓரங்கள் தாமாக உள்ளே வளைந்து, துணி ஒரு படகுபோல் ஆகும். ஏதோ தப்பாகப் போகிறது என்று முதல் தடவை பின்னுகிறவர்கள் இங்கேதான் பிரித்துவிடுவார்கள். பிரிக்காதீர்கள். உயரம் சங்கிலி நீளத்தில் பாதி ஆனதும் இரண்டு ஓரத்தையும் நடுவில் சேர்த்துப் பாருங்கள், அச்சாக ஒரு சதுரம் நிற்கும், இரண்டு அடுக்கோடு. ஓரங்களைத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. சதுரத்தின் பக்கம் சங்கிலி நீளத்தில் பத்தில் ஏழு பங்கு வரும். 25 சென்டிமீட்டர் சங்கிலிக்கு ஏறக்குறைய 18. குவாலிக் காதுக்கும் மண்சட்டி விளிம்புக்கும் இதுதான் சரியான அளவு. பெரிதாகப் பின்னினால் ஓரம் தொங்கி கேஸ் நெருப்பில் படும். பருத்தி உருகாது என்றேனே தவிர எரியாது என்று சொல்லவில்லை.

இந்த அளவுக்கு 70.9 கிராம் உருண்டை ஒன்று போதும், மாட்டுவதற்கு வளையம் பின்னவும் மிஞ்சும். பல நிறம் கலந்து வரும் உருண்டைகளைப் பார்த்து மயங்கும்போது மட்டும் லேபிளைப் படியுங்கள். அவை 56.7 கிராம், 86 மீட்டர்தான். 4 மில்லிமீட்டர் ஊசியில் இறுக்கிப் பின்னுகிறவர்களுக்குக் கடைசிச் சுற்றில் பற்றாமல் போகலாம். சங்கிலியை இரண்டு சென்டிமீட்டர் குறைத்துத் தொடங்குங்கள், அல்லது வளையத்துக்கு வேறு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தைப்பதற்கு முன்னால் உள்ளே ஒரு பை மாதிரி இடம் இருக்கும். பழைய பருத்தித் துண்டு ஒன்றைச் சதுரமாக வெட்டி அதற்குள் நுழைத்து, நான்கு மூலையிலும் ஒரு தையல் பிடித்துவிட்டால் அவன் தட்டுக்கும் தாங்கும். துண்டும் சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும், அதையும் கொளுத்திப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ‘தெர்மல்’ பின்னல். ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை இரண்டு இடத்தில் நுழைக்க வேண்டும். இப்போது முடித்த வரிசையின் பின் இழை ஒன்று, அதற்கு முந்தைய வரிசையில் சும்மா நிற்கும் முன் இழை ஒன்று. இரண்டையும் சேர்த்து வளைத்துப் பின்னும்போது வரிசைக்கு வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தையலே இல்லாமல் துணி இரட்டைத் தடிப்பாகிவிடும். தட்டையாக, பலகைபோல் கெட்டியாக வரும். சூடான பாத்திரத்தை மேசையில் இறக்கி வைக்க இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் நூல் நிறையத் தின்னும், வரிசை மெதுவாகத்தான் ஏறும், மணிக்கட்டும் வலிக்கும். இந்த நூலில் இழுவை கிடையாது என்பதை இங்கேதான் உணர்வீர்கள். கம்பளியோ அக்ரிலிக்கோ இழுத்தால் கொஞ்சம் நீளும், பருத்தி நீளாது. ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். ரப்பர் பிடி வைத்த ஊசி இருந்தால் நல்லது. ஜப்பானின் குளோவர், டூலிப் இரண்டிலும் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது டூலிப். விலை அதிகம்தான், ஆனால் தினமும் கத்தி பிடித்து வெங்காயம் நறுக்கும் கைக்கு அது பெரிய உதவி.

சூட்டில் எப்படி இருக்கிறது? மடித்த பிடிதுணியால் மண்சட்டியை அடுப்பிலிருந்து மேசைக்குத் தூக்கி வருகிறேன், கைக்கு வெதுவெதுப்பு கூட வருவதில்லை. இரும்பு ஆப்பச்சட்டியின் மூடியைத் திறந்து வைக்கலாம். 180 டிகிரியில் இருந்து வரும் அவன் தட்டை எடுத்து உடனே கீழே வைக்க, உள்ளே துண்டு வைத்ததுதான் சரி. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எங்கே வைக்கலாம் என்று யோசிக்க நேரம் தராது. இரும்புத் தோசைக்கல்லை நகர்த்தும்போது இரண்டு துணியைச் சேர்த்துப் பிடிக்கிறேன்.

ஈரமாக மட்டும் இருக்கவே கூடாது. இதை என் வீட்டில் உதவிக்கு வரும் பெண்ணிடம் தினமும் சொல்கிறேன், அவளும் “தெரியும் அக்கா, தெரியும் அக்கா” என்று சொல்லிக்கொண்டேதான் காய்ந்த துணியை எடுக்கிறாள். கண்ணிகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சூடு இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடக்கும். போதாததற்கு உள்ளேயே ஆவி கிளம்பும். மேசை துடைத்த கையோடு அதே துணியால் பானையைத் தூக்குவது நம் அடுப்பங்கரைகளில் சாதாரணமாக நடக்கிறது. பிடிதுணியால் எதையும் துடைக்காதீர்கள். துடைப்பதற்கு இதே நூலில் ஒற்றை அடுக்காக, வேறு நிறத்தில் ஒன்று பின்னிவிடுங்கள்.

இதில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை நூலைப் பற்றியது இல்லை, நம் ஊர் வானிலையைப் பற்றியது. செப்டம்பர், அக்டோபர் மழையில் இரட்டை அடுக்குப் பருத்தி லேசில் காயாது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மடிப்புக்கு உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். இரண்டு நாள் அப்படியே மாட்டிவிட்டால் கறுப்புப் புள்ளி விழும், வாடையும் வரும். மெஷினில் நன்றாகப் பிழிந்து, காற்றாடிக்குக் கீழே கொடியில் போடுகிறேன். துண்டு வைத்தது இன்னும் ஒரு நாள் கேட்கும். அதனால்தான் ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் மாற்றி மாற்றி எடுக்க ஒரு கட்டு வைத்திருக்கிறேன். காய்ந்ததை உறுதி செய்ய ஒரு வழி: துணியை மடித்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

விலை, மில்க் காட்டனைப் போல மூன்று நான்கு மடங்கு. வெளிநாட்டிலிருந்து வருவதால் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு பிடிதுணிக்கு ஒரு உருண்டை முழுதும் போய்விடும் என்பதால், பின்னி விற்க நினைப்பவர்களுக்குக் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. வாங்குபவர்களிடம் எதற்கு இந்த விலை என்று எடுத்துச் சொல்லவும் வேண்டியிருக்கும். தீபாவளிக்குச் சுங்கை பட்டாணியில் இருக்கும் என் நாத்தனாருக்கு ஒரு ஜோடி கொடுத்தேன். முறுக்கு சுட்ட குவாலியை இறக்கிவிட்டு, “அண்ணி, இன்னும் இரண்டு வேணும்” என்று அன்றைக்கே போன் செய்துவிட்டார். இப்படிக் கொடுப்பதற்கும் சொந்தப் புழக்கத்துக்கும் இந்த விலை நியாயம். உள்ளூர்க் கடையில் லேபிள் இல்லாத தடித்த பருத்தி நூல் மலிவாகக் கிடைத்து, சாம்பல் மெத்தென்று உதிர்ந்தால், அதையும் தாராளமாக வாங்குங்கள். பெயருக்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

நிறம் எடுக்கும்போது வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள், மஞ்சள் கறை போகாது. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கரும்பச்சை மூன்றும் நம் சமையலுக்குத் தாங்கும். அடர் நிறத்தை முதல் முறை தனியாகத் துவைத்து எடுங்கள். ஒரே நிறத்தில் ஜோடியாகப் பின்னுவதென்றால், லேபிளில் இருக்கும் சாய எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து இரண்டு உருண்டையையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள்.